தினமும் பைபிள் வாசித்தும் மனதில் ஒட்டவில்லை. நீங்கள் வேதத்தை எப்படிப் படிக்கிறீர்கள்?

ஒரே வருடத்தில் பைபிளை முடிக்கும் அட்டவணைப்படி தினமும் மூன்று நான்கு அதிகாரம் வாசிப்பதாகவும், காலையில் வாசித்தது மத்தியானம் நினைவில் இல்லை என்றும், கடமைக்குச் செய்வது போல் இருக்கிறது என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். படிப்பு எப்படி விசுவாசமாக மாறும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அட்டவணையைக் கொஞ்ச காலம் ஓரமாக வையுங்கள். மொத்தம் 1,189 அதிகாரம் இருக்கிறது, அது எங்கேயும் ஓடிவிடாது. ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யார், யாருக்கு, எந்த நெருக்கடியில் இதைச் சொன்னார்கள் என்பது கண்முன் தெரியும்வரை அதிலேயே இருங்கள். ‘இன்றைக்கு எனக்கு என்ன செய்தி?’ என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும். என் விசுவாசம் வேர் பிடித்தது இப்படிப் படித்த பிறகுதான். எப்படி என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் ஒரு சிறிய வேதபாடக் குழு கூடுகிறது. டார்செட் ரோடு கிறிஸ்து ஆலயத்துக்குப் போகிறவர்கள் உண்டு, ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்துக்குப் போகிறவர்கள் உண்டு. ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்ப் பூசை முடித்துவிட்டு வரும் கத்தோலிக்க அண்ணன் ஒருவரும் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், மருத்துவமனையில் தாதியாக இருக்கும் ஒரு தங்கை என்று கலவையான கூட்டம். கட்டுமானத் தளத்தில் வேலை செய்யும் தம்பிகள் துவாஸில் உள்ள தொழிலாளர் தங்குமிடமான டார்மிட்டரியிலிருந்து எம்ஆர்டி ரயிலில் தீவைக் குறுக்காகக் கடந்து வருவார்கள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. அதில் பாதியைக் கொடுத்து வருகிறவர்கள் முன்னால் மேலோட்டமாகப் பேச எனக்கு மனம் வராது.

நம் வீடுகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட சீட்டு, எடுப்பது வழக்கம். அதில் அடிக்கடி வரும் வசனம் எரேமியா 29:11. ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. எழுதும் பிள்ளையின் மேசையிலும் இதைப் பார்க்கலாம், அறுவை சிகிச்சைக்குப் போகிறவரின் கைபேசியிலும் பார்க்கலாம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ பேர் இரவைத் தாண்டியிருக்கிறார்கள். அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஊரிலிருந்து அம்மா எழுதின நான்கு பக்கக் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைப் பிரிக்காமலே விட்டால் எப்படி இருக்கும்? இந்த வசனத்தை அப்படித்தான் பலர் வைத்திருக்கிறோம். இது உண்மையிலேயே ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி.

கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, இளம் ராஜா எகோனியாவையும் ஊரில் கைத்திறன் உள்ளவர்களையும் சிறைபிடித்துக் கொண்டுபோனான். பாபிலோனில் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில், யூதாவின் ராஜாவுக்கும் அவன் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த அரண்மனைக் கணக்கு இருக்கிறது. எருசலேமிலேயே விடப்பட்ட தீர்க்கதரிசி எரேமியா, அந்நிய ஊரில் கிடக்கும் அந்த ஜனங்களுக்குக் கடிதம் எழுதி, பாபிலோனுக்குத் தூது போன இருவர் கையில் கொடுத்தனுப்புகிறார். 29ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி அந்தக் கடிதம்.

அதைக் குழுவில் சத்தமாக வாசித்தோம். இரண்டாம் வசனத்தில் எருசலேமை விட்டுப் போனவர்களின் பட்டியல் வருகிறது. ராஜா, ராஜாத்தி, பிரபுக்கள், பிறகு தச்சரும் கொல்லரும். எல்லாரும் தாண்டிப் போகிற வரி. வாசித்துக்கொண்டிருந்த தம்பி அங்கேயே நிறுத்திவிட்டார். அவர் வெல்டர், பக்கத்தில் இருந்தவர் கான்கிரீட் வார்க்கும் பலகை அச்சு அடிக்கும் ஃபார்ம்வொர்க் தச்சர்.

“அக்கா, தச்சரும் கொல்லரும்னு போட்டிருக்கே. நம்மள மாதிரி ஆளுங்களத்தான் பொறுக்கி எடுத்துட்டுப் போயிருக்காங்க.”

அந்த நிமிடத்தில் அந்த அதிகாரம் எங்கள் வரவேற்பறைக்குள் வந்துவிட்டது. இவர்கள் கைதிகளாக வரவில்லை, சொந்த விருப்பத்தில், ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவர்கள் என்ற வித்தியாசத்தை நானும் சொன்னேன். அதை மறைத்துவிட்டு வேதத்தை நம் வாழ்க்கையோடு ஒட்டக் கூடாது. ஆனாலும், வேறு யாருக்கோ நகரம் கட்டுவதற்காகத் தொழில் தெரிந்த கைகளைத் தேடிக் கொண்டுபோவது என்றால் என்ன என்று என்னைவிட அந்தத் தம்பிக்கு நன்றாகத் தெரியும். வேதபாடத்துக்கு விளக்கவுரைகள் வேண்டும், நானும் வைத்திருக்கிறேன். அவற்றில் எதுவும் என்னை அந்த வரியில் நிறுத்தியதில்லை.

கடிதம் என்ன சொல்கிறது? சீக்கிரம் திரும்பி வருவீர்கள் என்று சொல்லவில்லை. ‘நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்’ என்கிறது. பெண் கொள்ளுங்கள், பெண் கொடுங்கள், பெருகுங்கள் என்கிறது. பிறகு, கேட்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டிய ஒரு வார்த்தை: உங்களைச் சிறையாகக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காகக் கர்த்தரை நோக்கி விண்ணப்பம் பண்ணுங்கள், அதற்குச் சமாதானம் இருந்தால் உங்களுக்கும் சமாதானம் இருக்கும். ஆலயத்தின் பணிமுட்டுகளை, வழிபாட்டுப் பாத்திரங்களை, அள்ளிக்கொண்டு போன பாபிலோனுக்காக ஜெபம்!

அதற்குப் பிறகுதான் பத்தாம் வசனம். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிற்பாடு உங்களைத் திரும்பி வரப்பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். நம் அட்டையில் இருக்கும் பதினொன்றாம் வசனம் இதற்கு அடுத்த வரி.

எழுபது வருஷத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கடிதம் வாசிக்கப்பட்ட அன்று நாற்பது வயதில் உட்கார்ந்து கேட்ட தச்சர், தன் கண்ணால் எருசலேமை மறுபடி பார்க்கப் போவதில்லை. அவருடைய ‘எதிர்பார்த்திருக்கும் முடிவு’ அவருடைய பேரப்பிள்ளைகள் காலில்தான் நடந்து வரும். அப்படியானால் இந்த வாக்குத்தத்தம் அவருக்கு எதைக் கொடுத்தது? இந்தக் கேள்வியில் நான் நெடுநாள் நின்றேன். இன்று நான் நம்புவது இதுதான்: கர்த்தர் அவருக்கு ஒரு தேதியைக் கொடுக்கவில்லை, தம்மையே கொடுத்தார். அடுத்த வசனங்களைப் பாருங்கள். என்னை நோக்கிக் கூப்பிடுவீர்கள், உங்களுக்குச் செவிகொடுப்பேன், முழு இருதயத்தோடும் தேடினால் கண்டுபிடிப்பீர்கள் என்கிறார். இதை அவர் சொல்வது ஆலயம் இருந்த எருசலேமில் நின்றல்ல. ஆலயமே இல்லாத ஊரில், கால்வாய் ஓரத்தில், வேற்று மொழிக்கு நடுவில் இருந்தவர்களிடம் சொல்கிறார். திரும்பிப் போகும்வரை கர்த்தர் உங்களுக்காக எருசலேமில் காத்திருக்கவில்லை, அங்கேயே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அந்தத் தச்சருக்குச் சொல்லப்பட்டது. எனக்கும்தான்.

இதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று கர்த்தர் பெயரால் சொல்கிறான். எரேமியா அதற்குச் சொன்ன முதல் வார்த்தை ‘ஆமென்’. கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். தன் ஜனத்துக்கு நல்லது நடந்தால் தன் வார்த்தை பொய்யாகப் போனாலும் சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை அனனியா எடுத்து உடைக்கிறான். எரேமியா வாக்குவாதம் செய்யாமல் தன் வழியே போய்விடுகிறார். இந்தக் காட்சி தெரியாமல் கடிதத்தை வாசித்தால் எழுபது வருஷம் வெறும் கணக்கு. தெரிந்து வாசித்தால், எல்லாரும் கேட்க விரும்பும் இரண்டு வருஷத்துக்கு எதிரே ஒரு மனிதர் தனியாக நின்று எழுபது என்று சொல்வது கேட்கும்.

கடிதம் போய்ச் சேர்ந்ததும் என்ன நடந்தது தெரியுமா? பாபிலோனிலிருந்து செமாயா என்பவன் எருசலேமின் ஆசாரியருக்குப் பதில் கடிதம் எழுதுகிறான்: இது நெடுங்காலம் இருக்கும், வீடு கட்டிக் குடியிருங்கள் என்று சொல்லியனுப்புகிற இந்த எரேமியாவை ஏன் இன்னும் கண்டிக்காமல் இருக்கிறீர்கள் என்று. நாம் அட்டையில் அச்சடித்துப் பிரியமாக வைத்திருக்கும் கடிதம், முதலில் கிடைத்தவர்களில் சிலருக்குக் கோபத்தை உண்டாக்கியது. இதைப் படித்த பிறகு, பிரசங்கத்தில் ‘இந்த வருஷமே, இந்த மாதமே’ என்று கேட்கும்போதெல்லாம் என் மனம் இந்த இரண்டு அதிகாரங்களுக்குப் போய்விடுகிறது. உங்கள் வேலைக்கும் விசாவுக்கும் ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் ஜெபிக்கிறேன். ஆனால் கர்த்தர் பேச்சை அனனியாவின் பேச்சிலிருந்து பிரித்துக் கேட்கும் காது வேண்டுமென்றால், முழு அதிகாரமாகப் படிப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

படிப்பு எப்படி விசுவாசமாக மாறும் என்று கேட்டீர்கள் அல்லவா? என் ஜெபம் மாறியது. ஆகஸ்ட் 9 தேசிய தினத்தை ஒட்டி வரும் ஞாயிறு இங்குள்ள சபைகளில் நாட்டுக்காக ஜெபிப்பது உண்டு. முன்பு அது ஆராதனையில் வரும் ஓர் அங்கம், அவ்வளவுதான். இப்போது, பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்ற அந்த ஏழாம் வசனத்தை நினைத்து, நான் இறங்கும் ரயில் நிலையம், காலையில் நடைபாதையைக் கூட்டும் பெரியவர், எங்கள் புளோக்கில் லிஃப்டில் சந்திக்கும் சீன ஆச்சி, மலாய்க் குடும்பம், கீழே காப்பிக்கடையில் வேலை செய்கிறவர்கள் என்று பெயரும் முகமுமாக ஜெபிக்கிறேன். ‘எனக்கு எப்போது விடிவு?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வாய்க்கு இந்த ஊரின் நலனும் வந்தது. அது எந்த அட்டவணையாலும் வரவில்லை, ஒரே அதிகாரத்தில் பல வாரம் உட்கார்ந்ததால் வந்தது.

நடைமுறைக்கு வருகிறேன். சத்தமாக வாசியுங்கள். ஆதி சபையில் யாரும் நிருபங்களை, அதாவது கடிதங்களை, தனியறையில் வசனம் வசனமாக வாசிக்கவில்லை, சபையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். இந்த நிருபம் உங்களிடத்தில் வாசிக்கப்பட்டபின் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று கொலோசெயர் நிருபத்தின் முடிவில் அப்போஸ்தலன் பவுலே சொல்கிறார். புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சக்காரரின் பதிப்பில் வந்தவை. எண்கள் இடம் தேட உதவும். ஆனால் எண் எங்கே முடிகிறதோ அங்கே கருத்தும் முடிந்துவிட்டது என்று கண் பழகிவிடுகிறது. ‘என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற பிலிப்பியர் 4:13ஐ மனப்பாடமாகச் சொல்லும் பலர் அதற்கு முந்தின இரண்டு வசனங்களைச் சொல்ல மாட்டார்கள். திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்று காவலில் கைதியாக இருக்கும் பவுல் சொல்வது அங்கேதான் இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்றால், பிலேமோனில் தொடங்குங்கள். மொத்தமே 25 வசனம். எஜமான் பிலேமோனை விட்டுப் பிரிந்துபோன ஒநேசிமு என்ற அடிமையை, இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பவுல் அனுப்பும் கடிதம். ஒரு வாரம் தினமும் அதையே வாசியுங்கள். ஒருநாள் பிலேமோனாக, ஒருநாள் ஒநேசிமுவாக, ஒருநாள் அந்த வீட்டுச் சபையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண விசுவாசியாக. பிறகு மாற்கு. ஒரே மூச்சில் வாசித்தால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அவர்கள் ஆங்கில பைபிளை வைத்துக்கொண்டு காதால் தமிழைக் கேட்கட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

கடமைக்குச் செய்வது போல் இருக்கிறது என்று சொன்னீர்களே, மனம் வறண்ட அந்த நாட்களுக்குச் சங்கீதம் 88. கொவிட் காலத்தில் நாங்கள் ஜூமில் கூடியபோது அந்தத் தாதித் தங்கை இரவுப் பணி முடித்து வந்து, வேறு எதுவும் வேண்டாம், இதை வாசியுங்கள் என்று கேட்டார். ‘என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்’ என்று தொடங்கும் சங்கீதம், பெரும்பாலான புலம்பல் சங்கீதங்களைப் போல் கடைசியில் துதியாகத் திரும்புவதில்லை. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்ற வேதனையிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் பரிசுத்த வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஒன்றும் உணராத நாளிலும் கூப்பிடுவது ஜெபம்தான். உங்கள் வறட்சியை மறைத்துக்கொண்டு வேதத்தைத் திறக்க வேண்டிய அவசியமில்லை.

எரேமியாவை முடித்த பிறகு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ‘வீடுகளைக் கட்டி, குடியிருந்து’ என்ற வரியைப் பேசியபோது, கம்பி கட்டும் வேலை செய்யும் தம்பி ஒருவர், “நான் கட்டுற வீடெல்லாம் வேற யாருக்கோதானே அக்கா. நான் குடியிருக்கிறது டார்மிட்டரி,” என்றார். நான் பதில் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தகுந்த பதில் என்னிடம் இல்லை. பிறகு ஏசாயாவைத் தொடங்கி, சில மாதங்கள் கழித்து 65ஆம் அதிகாரத்துக்கு வந்தோம். கர்த்தர் புதிய வானத்தையும் புதிய பூமியையும் பற்றிச் சொல்லும் இடம். வீடுகளைக் கட்டி அவைகளில் குடியிருப்பார்கள், ஒருவர் கட்ட வேறொருவர் குடியிருப்பது என்பது அங்கே இராது என்று வருகிறது. அதே தம்பி விரலை வைத்துத் திரும்ப வாசித்தார். “இது நான் அன்னைக்குக் கேட்டதுதானே?” என்றார். அவருடைய கேள்வி அவருக்கு முன்பே, இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது. தேவனுடைய ராஜ்யம் எப்படி இருக்கும் என்பதற்கு ஏசாயா எடுத்துக் காட்டும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. இந்த உலகத்தில் கூலி வேலைக்காரர் சுமக்கும் வலியைக் கர்த்தர் பெயர் சொல்லிக் குறித்து வைத்திருக்கிறார் என்பதை நான் அந்த வரவேற்பறையில்தான் பார்த்தேன்.

இப்போது நெகேமியா படிக்கிறோம். போன வாரம் மூன்றாம் அதிகாரம். எருசலேம் அலங்கத்தை, அதாவது மதிலை, யார் யார் எந்தப் பங்கு கட்டினார்கள் என்று பெயர் பெயராக நீளும் பட்டியல், அட்டவணைக்காரர்கள் வேகமாகப் புரட்டும் பக்கம். எங்கள் தம்பிகளுக்கு இதைவிடப் பிடித்த அதிகாரம் இதுவரை வரவில்லை. பாவுமரம் எங்கே, கதவு எங்கே, பூட்டும் தாழ்ப்பாளும் எங்கே, ஒரு பங்குக்கும் அடுத்த பங்குக்கும் எப்படி இணைப்பு என்று ஒரு தாளில் வரையத் தொடங்கிவிட்டார்கள். தட்டார் ஒரு பங்கு, தைலக்காரர் ஒரு பங்கு, சல்லூமும் அவன் குமாரத்திகளும் ஒரு பங்கு. தெக்கோவா ஊர்க்காரர் கட்டிய இடத்தில் அவர்களுடைய பிரபுக்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று ஐந்தாம் வசனம் சொல்கிறது. அதே தெக்கோவா ஊர்க்காரர் தங்கள் பங்கை முடித்துவிட்டு, 27ஆம் வசனத்தில் இன்னொரு பங்கையும் எடுத்துக் கட்டுகிறார்கள். அதைக் கண்டுபிடித்தது கம்பி கட்டும் தம்பிதான். அடுத்த ஞாயிறு நான்காம் அதிகாரத்தை அவரே நடத்துகிறார்.